பெட்ரோல் மூடிக்கு வைத்த பொட்டு

என் அப்பாவும் அம்மாவும் புல் வெட்டும்போது அப்பா மாடு, அம்மா உழவர். இதை அப்பாவே சொல்லிச் சிரிப்பார். எங்களிடம் அப்போது இருந்த மிஷினுக்கு எஞ்சின் கிடையாது. ஒரு இரும்பு உருளை, அதைச் சுற்றி வளைந்த கத்திகள், பின்னால் நீளமாக ஒரு கைப்பிடி. முன்னால் கயிற்றைக் கட்டி அப்பா தோளில் போட்டு இழுப்பார். பின்னால் அம்மா தள்ளுவாள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனால்தான் புல் ஒரே மட்டமாக வரும். அவர்களுக்குள் சண்டை வந்த நாட்களைப் புல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முசரவாக்கம் போகும் சாலையில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்குத் தோட்டத்து பங்களா இருந்தது. சேலை வாங்க வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகளை அங்கேதான் தங்க வைப்பார்கள். பங்களாவுக்கு முன்னால் அரை ஏக்கருக்குக் குறையாத புல்தரை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அப்பா அம்மாவின் வேலை. பின்சுவரை ஒட்டி இரண்டு அறை உள்ள ஓட்டு வீடு எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு. அந்த ஓட்டு வீட்டில்தான் நான் பிறந்தேன். அது எங்கள் வீடு இல்லை என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியவந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் செய்தார்கள். இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடு படுத்துவிட்டது. அம்மா தனியாகத் தள்ளிப் பார்த்தாள். நான்கு சால் தள்ளுவதற்குள் தோள்பட்டை வீங்கியது. ஐப்பசி மழை வேறு. புல் கணுக்கால் வரை வந்துவிட்டது.

கார்த்திகை கடைசியில் மேனேஜர் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். நல்லவர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள் என்பதை அன்று கவனித்தேன்.

"ஏம்மா, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. புல்லுக்குப் புரியலையே. அது பாட்டுக்கு வளந்துக்கினு இருக்குது. தை மாசம் முதலாளி பொண்ணு ரிசப்ஷன் இந்தப் புல்லு மேலதான். மெட்ராஸ்ல ஒரு கான்ட்ராக்டர் மிஷினோட வரேன்றான். அவன் ஆளுங்க தங்கறதுக்கு வீடு வேற கேக்கறான்."

"மிஷின் வாங்கிக் குடுங்க சார். நானே ஓட்டறேன்" என்றாள் அம்மா.

"நீயா? ஒண்டியாவா?"

"தானா நடக்குற மிஷின் இருக்குதாம் சார். சக்கரத்தையும் எஞ்சினே இழுக்குமாம். பின்னால கூடவே போனா போதுமாம்."

"அதுல எது நல்லது, எது கெட்டதுன்னு உனக்கு இன்னாமா தெரியும்?"

"வாங்கறதுக்குள்ள தெரிஞ்சிக்கிறேன் சார்."

மேனேஜர் முதலாளியிடம் பேசிவிட்டு வந்து ஒரு நிபந்தனை சொன்னார். மிஷினை அம்மாவே பார்த்து வாங்கலாம். மார்கழிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கான்ட்ராக்டரையும் வைத்துக்கொண்டு, மொத்தப் புல்தரையையும் வெட்டிக் காட்ட வேண்டும். மிஷின் பாதியில் படுத்தால் வேலையும் வீடும் கான்ட்ராக்டருக்கு.

மிஷின் என்றதும் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் மொபெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவதாகப் பெயர். சொன்ன ஜாதகம் பலித்ததா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மெட்ராஸ் போனோம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் யாரிடமாவது பேச ஆரம்பித்தால் பஸ்ஸை விட்டுவிடுவார். அதனால் போர்டு படிக்க நான்.

பழைய மிஷின் விற்கும் கடையில் தானாக நடக்கும் ஜாதியில் மூன்று இருந்தன. மாமா நேராகச் சிவப்புப் பெயின்ட் பளபளத்த மிஷினிடம் போய், அதன் முதுகைத் தட்டி, "அக்கா, இதான்கா. சிங்கம்" என்றார்.

அம்மா கடைக்காரரிடம், "ஓட்டிக் காட்டுங்கண்ணா" என்றாள்.

கடைக்குப் பின்னால் காலி மனை. கயிற்றை ஒரு தடவை இழுத்ததுமே சிங்கம் கிளம்பி ஓடியது. அம்மா பின்னாலேயே போய், கைப்பிடியோடு அழுத்தியிருந்த கம்பியைத் திடீரென்று விட்டாள். விட்டதும் நிற்க வேண்டும். சிங்கம் நிற்காமல் இரண்டடி போய் ஒரு செங்கல்லை முட்டியது.

"வேணாம்" என்றாள் அம்மா.

"அக்கா, ஒரு கம்பிய டைட் பண்ணா போச்சு!"

"விட்டா நிக்காதது எனக்கு வேணாம்டா. நாளைக்கு அந்த எடத்துல பாப்பா காலு இருக்கும்" என்று என்னைக் காட்டினாள்.

இரண்டாவது மிஷின் கயிற்றை ஏழு தடவை இழுத்த பிறகு கிளம்பியது. "குளிருதும்மா, அதான்" என்றார் கடைக்காரர். "மார்கழில எங்க ஊர்ல இதவிடக் குளுரும்ணா" என்று அம்மா மூன்றாவதிடம் போனாள். அது பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது எந்த நிறமும் இல்லை. இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. விட்டதும் நின்றது. அம்மா எஞ்சினை அணைக்கச் சொல்லி, அதைச் சாய்த்து, அடிவயிற்றுத் தகட்டைக் கட்டை விரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தாள். சந்தையில் பானை வாங்குகிறவளைப் போலச் சுண்டியும் பார்த்தாள். சக்கரத்துப் பல் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இதுக்குப் பெல்ட்டு அறுந்தா?"

"கிரைண்டர் பெல்ட்டுதாம்மா. அந்த சைஸ் எந்த ஊர்லயும் கெடைக்கும்."

"அந்த செவப்புக்கு?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, "அது வெளிநாட்லருந்து வரணும்" என்றார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா வானத்தைப் பார்த்தார். கிரைண்டர் பெல்ட்டில் முடிவானது விஷயம். அதற்குப் பிறகும் அம்மா விடவில்லை. இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொரு திருகையும் மூடியையும் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அதற்குள் அலுத்துப்போய், எதிரில் கரும்புச்சாறு பிழிகிறவரைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று அந்தக் கரும்புச்சாறு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

வேனில் வந்து இறங்கிய மிஷினைப் பார்த்து அப்பா, கட்டிலில் படுத்தபடியே, "எனக்கு முன்னாடி பொறந்தது போல இருக்குதே" என்றார்.

"உனக்கு முன்னாடி பொறந்தது நடக்குது. நீதான் படுத்துக்கினு கெடக்கற" என்றாள் அம்மா. அப்பா சிரிக்க முடியாமல் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

மார்கழி முழுவதும் எங்கள் வீட்டில் மிஷின் பேச்சுதான். காலையில் பனி ஈரம் காயும்வரை அம்மா புல்லில் இறங்கமாட்டாள். ஈரப்புல் அடிவயிற்றில் அப்பிக்கொண்டு பிளேடைச் சுற்ற விடாது. வேலை முடிந்ததும் பிளக் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாய்ப்பாள். ஒட்டிய புல்லைப் பழைய தோசைத் திருப்பியால் சுரண்டுவாள். காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவாள். பெட்ரோலைப் பட்டுத்துணித் துண்டில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஒரு நாள் மிஷின் ஜுரம் வந்ததுபோல் உதறியது. மாமா பிளேடுக்குச் சாணை பிடித்துக் கொண்டுவந்த மறுநாள் அது. எஞ்சினுக்கே ஆயுள் முடிந்தது என்று மாமா ஜாதகம் சொன்னார். அம்மா பிளேடைக் கழற்றி, நடு ஓட்டையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். ஒரு பக்கம் தராசுத் தட்டுபோல் தாழ்ந்தது.

"ஒரு பக்கம்தான் தேய்ச்சிருக்கறடா. கனம் ஒண்ணா இருந்தாத்தான நேரா சுத்தும்?"

"கரண்ட்டு பூட்ச்சுக்கா. மீதிய அப்பறம் தேய்க்கலாம்னு வந்துட்டேன்."

கனமான பக்கத்தை அம்மா அரத்தால் தேய்த்தாள். தேய்ப்பதும் மாட்டுவதுமாக ஆறேழு தடவை. பிளேடு எந்தப் பக்கமும் சாயாமல் படுத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். அடுத்த நாள் மிஷின் உதறவில்லை. மூன்றாம் வாரத்தில் அரை ஏக்கரையும் அம்மா ஒண்டியாக வெட்டினாள். அவளுக்கு முன்னால் மிஷின் தானாக நடந்தது. கோடுகள் புதுச்சேலைக் கட்டம்போல் விழுந்தன.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பொங்கல் விடுமுறை. நான் வீட்டில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்றால் விடியற்காலையில் அம்மா சாமி அலமாரிக்கு முன் விளக்கேற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. அன்று அலமாரிப் பக்கமே வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே வெளக்கேத்திடுடி. சந்தனம் அரைச்சு மிஷினுக்கும் ஒரு பொட்டு வெச்சிடு."

"நானா?"

"நீதான். நான் அந்தப் பக்கம் வரல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் லேசில் வாய் திறக்காத பெண். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர 'உள்ளேன்' என்று சத்தம் வராது. என்னை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அவசரம், அதனால்தான் உள்ளே வரவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். படிக்கு வெளியில் அவள் அவசரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது என் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

சந்தனத்தைக் கெட்டியாக அரைத்தேன். ஒரு பொட்டு என்றுதான் சொன்னாள். ஒன்று போதுமா, இவ்வளவு பெரிய நாளுக்கு? நான்கு சக்கரத்துக்கும் வைத்தேன். கைப்பிடிக்கு வைத்தேன். பெட்ரோல் மூடி வட்டமாக, முகம் மாதிரி இருந்தது. அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொட்டு எங்கே வைக்க வேண்டும் என்று காட்டத்தான் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சரியாக அந்த இடத்தில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். மிஷின் அம்மன் மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் பனி காய்ந்தது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கான்ட்ராக்டர், கறுப்புக் கண்ணாடி. அப்பா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்து வந்திருந்தார். மாமா கையில் ஸ்பேனர். அம்மா முந்தானையை இழுத்துச் செருகி, கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது.

ஐந்து கோடு போனாள். ஆறாவது கோட்டின் நடுவில் மிஷின் இருமியது. இரண்டு முறை விக்கியது. நின்றது.

மாமா ஓடினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திருகி எட்டிப் பார்த்து மறுபடி மூடினார். கயிற்றை இழுத்ததும் கிளம்பிவிட்டது. "பிளக்குதான்கா. அப்பவே நெனச்சேன்" என்று கையைத் தட்டிக்கொண்டார். இன்னும் ஐந்து கோடு. அதே இருமல், அதே விக்கல். நின்றது.

"இன்னாம்மா, நடந்து நடந்து மிஷினுக்குக் காலு வலிக்குதா? ஒரு சோடா வாங்கி குடு" என்றார் கான்ட்ராக்டர். அவர் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பக்கம் போய் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

மாமா மறுபடி பிளக்கைத் துடைத்து, மறுபடி மூடியைத் திறந்து பார்த்தார். கிளம்பியது. மூன்றாம் முறையும் நின்றது. மாமா வியர்த்துப்போய், "கார்பரேட்டரக் கழட்டணும்கா. எறக்கிடலாம்" என்று ஸ்பேனரைத் தூக்கினார். மேனேஜர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

"சார், ஒக்காருங்க" என்றாள் அம்மா. மேனேஜரை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "டேய், எதையும் கழட்டாத. எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க."

மிஷினுக்குப் பக்கத்தில் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாமாவிடம், "ரெண்டு வாட்டியும் நீ மூடிய தொறந்தப்பறம்தான ஓடுச்சு?" என்றாள்.

"பிளக்கத் தொடச்சப்பறம்கா."

"மூணு வாட்டியா அழுக்காவும்?"

காதை மூடியருகில் வைத்து மெதுவாகத் திருகினாள். தாகத்தில் இருந்த குழந்தை பால்புட்டியை உறிஞ்சுவது மாதிரி 'உஸ்' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. அம்மா மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்து கல்லாகிப்போன என் சந்தனம், நடுவில் என் குங்குமம்.

மெட்ராஸ் கடையில் அந்தத் துளை எதற்கு என்று அம்மா கேட்டிருக்கிறாள். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் கரும்புச்சாற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அம்மா தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். சந்தனத்தைச் சுரண்டி, துளையில் ஊக்கைக் குத்தி, வாயால் ஊதினாள். மேனேஜர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அவர் முகம் கடுத்தது.

"இதுல போய் சந்தனம் வெச்சது யாரு?"

எல்லோரும் நின்ற இடத்தில் நானும் நின்றிருந்தேன். என் விரலில் இன்னும் குங்குமம் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாய் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள் அம்மா. "காலையில சாமி கும்புட்டுட்டு வெச்சேன். ஓட்டையக் கவனிக்கல. என் தப்பு."

கான்ட்ராக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே சிரித்தார். "மூக்குல சந்தனத்த அடச்சிட்டு ஓடு ஓடுன்னா எப்டிமா ஓடும்? சார், இந்தம்மாவ நம்பியா மிஷினக் குடுக்கறீங்க?"

மாமாவும் சிரித்துவிட்டார். அப்பா சிரித்துத் தையல் போட்ட இடத்தைப் பிடித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. "இவ்ளோ பாத்து வாங்கின. இதப் பாக்கலையேமா" என்றார். அம்மாவின் கழுத்து சிவந்திருந்தது.

"மொதல்லருந்து ஓட்டறேன் சார். வெட்டின எடத்துலயும் குறுக்க ஒரு வாட்டி ஓட்டறேன். இனிமே ஒரு வாட்டி நின்னாலும் வீட்டுச் சாவி உங்க கையில."

அவர் பதில் சொல்வதற்குள் கயிற்றை இழுத்துவிட்டாள்.

மொத்தப் புல்தரையையும் வெட்டினாள். நடுவில் ஒரு முறை, பெட்ரோல் ஊற்ற மட்டும், அவளே நிறுத்தினாள். பட்டுத்துணியில் வடிகட்டித்தான் ஊற்றினாள், அவ்வளவு பேர் காத்திருந்தும். வெயில் ஏறியது. கான்ட்ராக்டர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பஸ் நேரத்தைக் கேட்டார், பிறகு போய்விட்டார். கடைசிக் கோட்டை முடித்து அம்மா கம்பியை விட்டாள். விட்டதும் நின்றது. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடந்து பார்த்தார். பிறகு, "ரிசப்ஷனுக்குள்ள இன்னும் ரெண்டு வாட்டி வெட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. வீடு பிழைத்ததற்காக மட்டும் அல்ல. அம்மாவே சொல்லிவிட்டாள், அவள்தான் வைத்தாளாம். அப்படியானால் நான் வைத்த பிறகு, நான் பார்க்காத நேரத்தில், என் பொட்டின் மேல் அவளும் ஒன்று வைத்திருக்க வேண்டும். துளையை அடைத்தது அவள் பொட்டுதான். பத்து வயதில் இப்படி நம்புவது சுலபமாக இருந்தது. வசதியாகவும் இருந்தது.

அதன் பிறகு அது எங்கள் வீட்டு வேடிக்கைக் கதை ஆகிவிட்டது. மிஷினுக்கு மூச்சு முட்டப் பொட்டு வைத்தவள் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். கல்யாண வீடுகளில் சொன்னார். வாய் திறக்காத நானும் பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு கதையை மட்டும் சத்தமாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வேன். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

மூன்று வருடம் இப்படிச் சிரித்தேன். நான் பெரியவளாகிச் சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு அந்த மூன்று நாளில் முதல் நாள். அம்மா விடியற்காலையிலேயே பின்பக்கம் மிஷினைச் சாய்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன். தாண்டினால் சாமி அலமாரி. சந்தனத்தைத் தொடக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது.

"அப்பா, நீயே வெளக்கேத்திடு. மிஷினுக்கும் பொட்டு வெச்சிடு. நான் அந்தப் பக்கம் வரல" என்றேன்.

சொல்லி முடித்ததும் அந்தச் சொற்கள் எனக்குக் கேட்டன. அதே படி. அதே ஈரக்கூந்தல். அன்று அவள் சந்தனக் கல்லைத் தொட்டிருக்கவே முடியாது.

அப்பா சந்தனத் தட்டோடு வெளியே வந்தார். "உங்கம்மா மாதிரி மூடிமேல வெக்க மாட்டேன், பயப்படாத" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பின்பக்கம் போனேன். அம்மா கழற்றிய பிளேடை ஆணியில் மாட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?" என்றாள், திரும்பாமல்.

அன்றும் என் வாய் திறக்கவில்லை. அரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.